கொதிக்க வைத்த கற்கள்

கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைத் தெருவில் ஒரு குரு இருந்தார். பெயர் ரெஜினா, வயது முப்பத்து நான்கு. அவருடைய ஒரே சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. சீடர் குருவை "அம்மா" என்பார், குரு சீடரை "சார்" என்பார். உலகத்தில் எல்லாமே முறைப்படியா நடக்கிறது?

தணிகாசலம் முப்பத்தேழு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் கத்தி, கத்திரிக்கோல்களைக் கொதிக்க வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. டம்ளர், சீப்பு, சாவிக்கொத்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெந்நீரில் போட்டுவிடுவார்.

மீன் மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. ஆசையெல்லாம் பேரன் மேல்தான். ஓசூரில் இருக்கும் அந்த நாலு வயசுப் பையனின் குரலைப் போனில் கேட்டிருக்கிறாரே தவிர, ஒரு நாளும் தூக்கிக் கொஞ்சியதில்லை.

"தாத்தா, உங்க வீட்டுல மீன் இருக்கா?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"இருக்குடா கண்ணு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அப்ப நான் வரேன்."

மறுநாளே கொளத்தூருக்கு வந்து ரெஜினாவின் கடையில் தொட்டி வாங்கிவிட்டார்.

பையன் வர வேண்டுமென்றால் அவன் அம்மா வர வேண்டுமே! மகள் ஹேமா ஆறு வருஷமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றவளிடம் அவர் சொன்ன வார்த்தை அப்படி. ராத்திரி படுத்தால் அந்த வாசல்தான் கண் முன்னால் வந்து நிற்கும்.

தொட்டி வைத்து மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவர் கடைக்கு வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"இந்த ரெண்டு மோலி மீனும் செத்துப் போயிடுச்சும்மா. இதோட ஆறு."

"தண்ணி கலங்குச்சா சார்?"

"கலங்க விடுவேனா? தினமும் தொட்டியக் கழுவுறேன். கல்லு மொத்தத்தையும் வெளிய எடுத்து அரை மணி நேரம் கொதிக்க வெச்சுத்தான் திரும்பப் போடுறேன். பாருங்க."

கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே வெள்ளைக் கண்ணாடிக் கற்கள் பளபளத்தன.

"நான் குடுத்த கல்லு எங்க?"

"அது சொரசொரன்னு இருந்துச்சும்மா. அழுக்கு ஏறும்னு மாத்திட்டேன்."

ரெஜினா சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய தொட்டிக்கு அவரைக் கூட்டிப்போனார். அடியில் பழுப்பேறிய கற்கள். மேலே மீன்கள் சாவகாசமாகத் திரிந்தன.

"கைய விட்டு ஒரு கல்ல எடுங்க."

அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி எடுத்தார்.

"வழவழன்னு என்னவோ ஒட்டியிருக்கே!"

"எட்டு வருஷமா இந்தக் கல்லக் கொதிக்க வெச்சதில்ல சார்."

"இந்த அழுக்குல எப்படிம்மா மீன் உயிரோட இருக்கு?"

"மீனோட கழிவு மீனுக்கே விஷம். அதச் சாப்பிடுறதுக்குன்னு கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. சொரசொரப்பான கல்லா இருந்தா அதுங்க நல்லா ஒட்டிக் குடித்தனம் பண்ணும். அதுங்க பெருக ஒரு மாசமாவது ஆகும். கண்ணாடிக் கல்லுல அதுங்களுக்கு இடமே பத்தாது. இருக்குற கொஞ்சத்தையும் நீங்க தினம் வெந்நீர்ல கொன்னுடுறீங்க."

தணிகாசலம் கையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரன் எப்ப வரான்?" என்று ரெஜினா கேட்டார்.

"எங்க வரான்... நேத்து ஹேமா பேசினா. 'அன்னிக்கு வாசல்ல நீங்க சொன்னது இருக்கே'ன்னு ஆரம்பிச்சா. எப்பவும் இப்படித்தான் ஆரம்பிப்பா. பழச எதுக்கும்மா கிளறுற, விடுன்னு சொன்னேன். வந்தா சந்தோஷமா நாலு நாள் இருந்துட்டுப் போகட்டுமே. நான் சொன்னது சரிதானே?"

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"சரிப்பான்னு சொல்லிட்டு போனப் பையன்கிட்ட குடுத்துட்டா."

ரெஜினா பிளாஸ்டிக் பையில் பாதிக்குப் பழைய தொட்டித் தண்ணீரை மொண்டார். நாலைந்து கை பழுப்புக் கற்களை அள்ளிப் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்தார். பைக்குள் தூசும் தும்புமாகச் சுழன்றது.

"கண்ணாடிக் கல்ல எடுத்துட்டு, நான் குடுத்த கல்லையே திரும்பப் போடுங்க. அதுக்கு மேல இதப் பரப்புங்க. நான் சொல்ற வரைக்கும் மீன் விடாதீங்க."

தணிகாசலம் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு தடவை அலசிட்டு..."

"சார்" என்றார் ரெஜினா. "அந்த அழுக்கத்தான் நான் உங்களுக்குக் குடுத்தேன்."

தணிகாசலம் பைக்குள் சுழன்ற தூசைப் பார்த்தார். பிறகு கடை வாசலுக்குப் போய்ப் போனை எடுத்தார்.

"ஹேமா, அப்பா பேசுறேன். நேத்து என்னமோ சொல்ல வந்தியே, அன்னிக்கு நான் வாசல்ல சொன்னதப் பத்தி... சொல்லும்மா."

 அவள் ஆரம்பித்தாள். முதலில் கோபமாக, பிறகு அழுகையாக, ஆறு வருஷத்துப் பேச்சும் வந்தது.

இரண்டு தடவை அவர் வாய் திறந்தது. இரண்டு தடவையும் மூடிக்கொண்டார். பைத் தண்ணீர் அலுங்காமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேட்டபடியே நின்றார்.