கற்குருசின் இடது கை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், கடற்கரைக்கும் உள்நாட்டுச் சந்தைக்கும் நடுவே செம்மணல் தேரி கிடந்தது. காற்று மணலை நினைத்த இடத்தில் கொண்டு கொட்டும். நேற்று நடந்த பாதை இன்று இருக்காது. பாதி வழியில் ஒரு கற்குருசு, கல்லில் செய்த சிலுவை, நின்றது. அதன் கைகளை யாரோ ஒரு கல்தச்சன் பெண்ணின் தலை உயரத்துக்குச் செதுக்கியிருந்தான். மீன்கூடை சுமந்து வருகிறவள் துணைக்கு ஆள் இல்லாமலே அதில் சுமையை இறக்கலாம், ஏற்றலாம்.

வலது கை மீன்காரிகளுக்கு. இடது கையில் ஆள்காட்டிக் குருவி கூடு கட்டியிருந்தது. இடம் கொடுத்த நன்றிக்கு அது வழி சொல்லும். “தெக்கே விலகிப் போ அக்கா, மேடு நகந்துட்டு.”

மீன்காரி சவேரியம்மாள் அந்தக் குரலை நம்பியே தினமும் நடந்தாள். ஒருநாள் அவளுடைய அண்ணன் மனைவி பிரகாசியும் முதன்முதலாகக் கூடை தூக்கி வந்தாள்.

“என்னட்டி இது, குருவிக்கு மாளிகை, நமக்குக் கழுத்துவலியா? கூட்டை எடுத்துக் கீழ வை.”

சவேரியம்மாள் குருவியைப் பார்த்தாள். “எங்க மதினி சுமைக்குப் புதுசு. கொஞ்ச நேரந்தான்.”

“சரி அக்கா. நான் தண்ணி குடிச்சிட்டு வாரேன். போகும்போது மேலே வெச்சிரு. கீழ மணல் ஓடும்.”

“மறப்பேனா?”

கூட்டில் நான்கு முட்டைகள், உப்பைப் போல வெள்ளையாக. சவேரியம்மாள் தன் சுமையை வலது கையில் இறக்கிவிட்டு, கூட்டோடு அவற்றைக் குருசின் அடியில் நிழல் பார்த்து வைத்தாள்; காலியான இடது கையில் பிரகாசி கூடையை இறக்கினாள்.

முதலில் பிரகாசி கிளம்பினாள். போகிற போக்கில் திரும்பாமலே சொன்னாள்: “வாறியா, குருவிக்கு உலை வைக்கியா? கூடையில சாளை மீன் நாறிட்டா அதுவா வாங்கும்?”

சவேரியம்மாள் அவசரமாகச் சும்மாட்டைத் தலையில் வைத்தாள்; கூடையை ஏற்றிக்கொண்டாள். பத்தடி போன பிறகுதான் நினைவு வந்தது. தலையில் கூடையோடு குனிய முடியாது. இறக்கி வைக்கக் கல்லின் கை அங்கேயேதான் இருந்தது. மதினியின் முதுகோ தூரத்தில் சிறுத்துக்கொண்டே போனது. திரும்பி வரும்போது வைத்துவிடலாம் என்று நடந்தாள்.

உச்சிவெயிலில் காற்று எழுந்தது.

அவள் வந்தபோது குருசின் அடியில் மணல் வாரி விட்டதுபோல் சமமாகக் கிடந்தது. குருவி தாழப் பறந்து சுற்றியது.

“எங்கே வெச்சே அக்கா?”

“இங்கதான்.” தோண்டினாள். தள்ளிப் போய்த் தோண்டினாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. “இங்கதான் வெச்சேன்.”

குருவி இன்னும் இரண்டு தரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அதன் வாயிலிருந்து சொல் போய்விட்டது, கத்தல் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் சவேரியம்மாள் குருசின் முன் நின்றாள். சுமையை இறக்கவில்லை. பின்னால் வந்த பிரகாசியும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சுமையோடு கடந்தாள். அவர்களுக்குப் பின் வந்த பெண்களும் அப்படியே.

இப்போது அங்கே தார்ச்சாலை. குருசைச் சுற்றிக் கம்பிவேலி, பாதுகாக்கப்பட்ட சின்னம், தொடக்கூடாது என்று ஒரு நீலப்பலகை. மீன்காரிகள் தொடுவதை என்றோ விட்டுவிட்டார்கள். வலது கையில் கூடைகள் தேய்த்த குழி இருக்கிறது. இடது கை செதுக்கிய அன்றுபோலவே இருக்கிறது.

அன்று முதல்தான் ஆள்காட்டி வெறுந்தரையில், மண்ணின் நிறத்திலேயே முட்டையிடுகிறது. ஆள் அரவம் கேட்டதும், ஒரு காலத்தில் வழி சொன்ன அதே தொண்டையால் நம்மை விரட்டுகிறது.