பண்ணையார் கடைந்த வெண்ணெய்

அயர்லாந்துச் சீமையிலே மே மாதம் பிறந்த அன்று, பண்ணையார் பெர்சிவலின் மாளிகையில் பெரிய விருந்து. வேலைக்காரி பிரீடா தன்னந்தனியாகப் பாலாடையைக் கடைந்துகொண்டிருந்தாள். பண்ணையார் திடுதிப்பென்று உள்ளே நுழைந்தார்.

"விருந்தாளிகள் பந்தியில் உட்காருவதற்குள் வெண்ணெய் வரணும். வராவிட்டால் மூட்டையைக் கட்டு."

ஒருத்தி கடைந்து எப்போது திரள்வது? பிரீடா மத்தை நிறுத்தாமலே சொன்னாள்:

"கடையும்போது உள்ளே வந்தவர் மத்தில் ஒரு கை போடாமல் போகக் கூடாதுங்க, எஜமான். போனால் வெண்ணெயின் அதிர்ஷ்டத்தைத் திருடிப் போனவர் என்று ஊர் பேசும். அதுவும் மே பிறப்பன்று."

வாசலில் அதற்குள் வேலையாட்கள் கூடிவிட்டார்கள். திருட்டுப் பட்டத்துக்குப் பயந்து பண்ணையார் கோட்டைக் கழற்றினார். கை கடுத்து அவர் நிறுத்தப் போனபோதெல்லாம், "திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைக்காதீங்க" என்றாள் பிரீடா. இருவரும் கடைந்த வேகத்தில் பொன்னிறமாய் வெண்ணெய் மிதந்தது.

பந்தியில் ஒரு சீமாட்டி அதை ரொட்டியில் தடவிச் சுவைத்தாள். "இவ்வளவு அருமையாகக் கடைந்தது யார்?"

"என் வேலையாள்தான்" என்றார் பண்ணையார் மிடுக்காக.

"வேலையாட்கள் இரண்டு பேர், அம்மா" என்றாள் பிரீடா. "ஒருத்தி உங்களுக்குப் பரிமாறுகிறாள். இன்னொருவர் பந்தியின் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்."

பந்தியே குலுங்கிச் சிரித்தது. கொப்புளித்த உள்ளங்கைகளை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு பண்ணையாரும் சிரித்து வைத்தார்.