முதல்வர் கூப்பிட்ட ஆட்கள்

மலைமேல் ஒரு கல்லூரி. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் வரலாற்றைப் படிக்க அங்கே ஒரு சின்னத் துறை இருந்தது. அதை இழுத்து மூடிவிட வேண்டும் என்பது முதல்வர் ஆராவமுதனின் ஆசை.

துறைக்காகப் பேச வந்தவள், அங்கே பெருக்கித் துடைக்கும் அங்காயி ஒருத்திதான்.

முதல்வர் இளக்காரமாகச் சிரித்தார். "கொழுந்து பறிச்சவங்க கதையைப் படிச்சு எவன் உருப்பட்டான்? ஊருக்கு உதவுற ஒரு ஆள் உண்டா? திங்கட்கிழமை பத்து மணிக்கு உங்க பழைய மாணவர்களைக் கலையரங்கத்துல காட்டு. இல்லேன்னா துறையை மூடிடுவேன்."

"அத்தனை பேருமா சார்?"

"ஒருத்தர் குறையக் கூடாது!"

அங்காயி மூன்று நாள் லீவு போட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

திங்கட்கிழமை முதல்வர் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நிர்வாகக் குழுத் தலைவர் அரங்க வாசலில் நின்றிருந்தார்.

"என்ன ஊர் சார் இது!" என்று முதல்வர் கத்தினார். "வீட்டுல கரண்ட் இல்ல, லைன்மேனைக் காணோம். கார் கிளம்பல, மெக்கானிக்கைக் காணோம். பஸ்ஸுக்கு டிரைவர் இல்ல. நடந்து வந்து வழுக்கி விழுந்தா, கட்டுப் போட நர்ஸும் லீவாம். எல்லாரும் எங்கதான் தொலைஞ்சாங்க?"

"இங்கதான் சார் இருக்காங்க," என்று அங்காயி அரங்கக் கதவைத் திறந்தாள். "நீங்க கூப்பிட்டீங்கன்னு காலையிலேயே வந்துட்டாங்க."

உள்ளே உட்கார இடமில்லை. தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு முதல்வரிடம் திரும்பினார்.

"இந்தத் துறையை மூடணும்னா முதல்ல ஊரையே மூடணும் போலிருக்கே! உள்ள போய் உட்காருங்க. அந்த நர்ஸம்மாகிட்ட மரியாதையாக் கேட்டா, ஒருவேளை கட்டுப் போட்டுவிடுவாங்க."