நூறில் ஓடும், ஊர்ந்தால் கொதிக்கும்

மில் முதலாளி சதாசிவத்தின் மின்சாரக் கார் அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்தாலே சூடேறி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். மூன்று தடவை சர்வீஸ் சென்டருக்குப் போயும் தீரவில்லை. நாலாவது தடவை, சென்டர் மேலாளர் பிரதாபன் அதை பைபாஸில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி தங்கம் சார். ஓட்டுறவர்தான் சரியில்லை. ஆளை மாத்துங்க."

முதலாளி டிரைவர் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருஷத்து வேலை ஆட்டம் கண்டது.

"போயிடறேனுங்க," என்றான் மாசிலாமணி. "அதுக்கு முன்னால சாரோட டையை மட்டும் ஒரு நிமிஷம் தரச் சொல்லுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலாளர் வேண்டாவெறுப்பாகக் கழற்றிக் கொடுத்தார்.

பக்கத்தில் அதே மாடல் கார் ஒன்று நின்றது. மாசிலாமணி அதில் ஏசியை முழுசாக வைத்து, டையை முன்பக்கக் கம்பிவலைமேல் பிடித்துக் கையை எடுத்தான். டை பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. முதலாளியின் காரிலும் அப்படியே செய்தான். டை தரையில் விழுந்தது.

"உள்ள ஃபேன் காத்தை இழுக்கலைங்க. பைபாஸ்ல எதிர்காத்தே வண்டியக் குளிர வச்சுடுது. நெரிசல்ல அதுக்கு யாருங்க விசிறுவாங்க?"

மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றினார். ஃபேன் வயர் மாட்டாமலே தொங்கியது. போன மாதம் பம்பரை மாற்றியது இதே சர்வீஸ் சென்டர்தான். வயரை மாட்டியதும் ஃபேன் உறுமியது.

"யாரை மாத்தணும்னு சொன்னீங்க?" என்றார் முதலாளி.

மாசிலாமணி மேலாளருக்கு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க சார். மணி ஆறாச்சு, காந்திபுரத்துல நெரிசல் நல்லாயிருக்கும். நீங்களே ஓட்டிப் பாருங்க."