ஆப்பிள் அப்பம் மூச்சு விட்ட கதை

அந்தக் காலத்தில் கரடியும் பேசும், காக்கையும் பேசும், கிண்ணத்தில் கரைத்து வைத்த மாவும் பேசும். ஜெர்மனி தேசத்தில் ஆப்பிள் அப்பம் அப்போதே உண்டு. ஆனால் பாவம், அதற்கு உப்பத் தெரியாது. அடுப்பின் மேல் சட்டியில் ஊற்றினால் ஊற்றியபடி தட்டையாகக் கிடக்கும். திருப்பிப் போட்டால் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

அங்கே ஒரு காட்டோரத்தில் ஊவே என்பவனும் அவன் மனைவி ஹெட்விக்கும் மகள் ரோஸலும் குடியிருந்தார்கள். தோட்டத்து ஆப்பிளையெல்லாம் பறித்து நிலவறையில் அடுக்கியிருந்தார்கள். பனி விழுந்து வழி அடைபட்டால், வசந்தம் வரும்வரை அந்த ஆப்பிளை வைத்துத்தான் அவர்கள் உயிர் பிழைக்க வேண்டும்.

ஒரு நாள் காலைப் பலகாரத்துக்கு மூவரும் சேர்ந்து அப்பம் சுடக் கிளம்பினார்கள். ஹெட்விக் பாலும் முட்டையும் விட்டுக் கை ஓயும்வரை மாவை அடித்தாள். ரோஸல் ஆப்பிளை மெல்லிசாக நறுக்கினாள். ஊவே லவங்கப்பட்டையை இடித்தான். இடித்ததைவிடத் தும்மியதுதான் அதிகம்.

"மூணு பேர் கையும் பட்டுடுச்சு. இனி நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான்" என்றது மாவு.

"பிள்ளையேதான், யார் இல்லேன்னது?" என்று சிரித்தாள் ஹெட்விக்.

சட்டியில் வெண்ணெய் உருகி, ஆப்பிள் வதங்கி, மேலே மாவையும் ஊற்றியாயிற்று. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கரடி உள்ளே வந்தது. அப்பம் அதன் கண்ணில் படக்கூடாதே என்று ரோஸல் சட்டியைத் தூக்கி, பக்கத்தில் கனன்றுகொண்டிருந்த ரொட்டி அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதுவரை யாரும் அப்பத்தை அதற்குள் வைத்ததில்லை.

"யார் வயிறு பெரிசோ அவங்களுக்குத்தான் சாப்பாடு. அது காட்டுச் சட்டம்" என்றது கரடி. சட்டம் போட்டது யார்? கரடியேதான். "என் வயித்தைவிடப் பெரிய வயிறு இந்த வீட்டுல இருந்தா இப்பவே காட்டுங்க, போயிடறேன். இல்லேன்னா நிலவறை ஆப்பிள் மொத்தமும் எனக்கு."

ஊவே மூச்சை இழுத்து வயிற்றை முன்னே தள்ளிப் பார்த்தான். கால்சட்டை நழுவியதுதான் மிச்சம். கரடி விழுந்து விழுந்து சிரித்தது.

அடுப்புக்குள் ஒரே இருட்டு. வெளியே பேசியதெல்லாம் மாவின் காதில் விழுந்தது. பயத்தில் அதற்கு உடம்பெல்லாம் குமிழி குமிழியாகக் கிளம்பியது. 'என்னைப் பிள்ளைன்னு சொன்னவங்க பட்டினி கிடக்கறதா? விடவே மாட்டேன்' என்று மூச்சை இழுத்துப் பிடித்தது. பிடித்த மூச்சை விடவே இல்லை. அடுப்புச் சூடும் கைகொடுத்தது.

"உள்ளே என்ன புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்?" என்றது கரடி.

ஹெட்விக் கொஞ்சமும் அசரவில்லை. "அது எங்க கடைக்குட்டிங்க. இன்னிக்குக் காலையிலதான் பொறந்துச்சு. வேணும்னா அது வயித்தையும் பாருங்க."

கரடி அடுப்புக் கதவைத் திறந்தது. சட்டியை மீறி எழும்பி, பொன்னிறமாக ஒரு வயிறு அடுப்பை அடைத்துக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க அது இன்னும் பெரிதாயிற்று.

"காலையில பொறந்ததுக்கே இவ்வளவு வயிறா!"

"அது இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடலைங்க" என்றாள் ரோஸல்.

அவ்வளவுதான். கரடி பின்னங்கால் பிடரியில் பட ஓடியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அது குகையைவிட்டுத் தலைகாட்டவில்லை.

"ஜெயிச்சுட்டோம்!" என்று ஊவே மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தான். சட்டியை மேசைக்குக் கொண்டுவந்து மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கரடி இல்லை, எல்லாம் நம் ஆட்கள்தான். "அப்பாடா!" என்று அத்தனை நேரம் பிடித்திருந்த மூச்சை விட்டது. வயிறு மெல்ல இறங்கியது.

பிள்ளை என்று சொல்லிவிட்டு எப்படிப் பிட்டுத் தின்பது? ரோஸல் தயங்கினாள்.

"ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு. உங்க வயிறு நிறையணும்னுதானே என் வயித்தை இவ்வளவு உப்ப வெச்சேன்?" என்றது அப்பம். மூவரும் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

அன்று முதல்தான் ஆப்பிள் அப்பம் அடுப்புக்குள் இருக்கும்வரை, கரடி வந்தாலும் வரட்டும் என்று வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கிறது. மேசைக்கு வந்து வீட்டு முகங்களைக் கண்டதும் "அப்பாடா" என்று அமர்ந்துவிடுகிறது.