மகாராஜாவின் அளவைத் தாமிரத்தில் அடித்த கதை

கொன்றைக்கோட்டையை ஆண்ட கோடிலிங்க பூபதிக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, வடக்கெல்லைப் பாளையக்காரன். இன்னொன்று, காகிதம் அரிக்கிற பூச்சி. பாளையக்காரனை அவர் வருஷத்துக்கு ஒரு தடவை நினைப்பார். பூச்சியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

அரண்மனை உடுப்புகளை அரண்மனைக்குள்ளேயே தைப்பது அங்கே வழக்கம். தையற்காரர் மீரான் மகாராஜாவின் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் நூல் பிடித்து அளந்து, முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டிக்கொள்வார். அதைப் பட்டின்மேல் வைத்துக் கோடு போட்டுத்தான் அங்கி வெட்டுவார். ஆனால் அந்த மாதிரி நிலைக்கவே இல்லை. காகிதத்தைப் பூச்சி அரித்தது. எண்ணெய்க் காகிதம் பட்டில் கறையை விட்டது. காடாத்துணி இழுபட்டுக் கோணியது. ஆட்டுத்தோல் மழையில் ஊறி வெயிலில் சுருங்கியது. ஒவ்வொரு தடவையும் மீரான் நூலோடு வந்து நிற்பார்.

"என்னை அளப்பதற்கே பிறந்தாயா நீ?" என்று மகாராஜா ஒருநாள் எரிந்து விழுந்தார். "அழியாத பொருள் உலகத்தில் ஒன்றுகூட இல்லையா?"

இதற்காகவே காத்திருந்தவர்போலப் பிரதானி நரசய்யா எழுந்தார். அவருடைய மைத்துனர் ஒரு தாமிர வியாபாரி. "மகாராஜா, தாமிரத்தை அரிக்கிற பூச்சி இன்னும் பிறக்கவில்லை. தங்கள் அளவைத் தகட்டில் வெட்டிவிடுவோம். பேரன் காலத்துக்கும் நிற்கும்."

மகாராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தகடு வெட்டியாயிற்று. கூடவே பிரதானி ஓர் ஆணையும் சொல்லச் சொல்ல, மன்னரின் ஆணைகளை எழுதும் ராயசம் தில்லைநம்பி எழுதிக்கொண்டார். மகாராஜா முத்திரை வைத்தார்.

இரண்டு வருஷம் போனது. மகாராஜா அதில் இரண்டு மாம்பழக் காலத்தையும் மூன்று கல்யாண விருந்தையும் பார்த்தார். விளைவு எல்லோர் கண்ணிலும் பட்டது, யார் வாயிலும் வரவில்லை. 'மகாராஜா கொஞ்சம் பூரித்திருக்கிறார்' என்று வாய்தவறிச் சொன்ன ஒரு பணியாளர் யானைக் கொட்டாரத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார்.

பட்டமேறிய நாள் விழா வந்தது. சபை நிறைந்திருந்தது. மகாராஜா புது அங்கியைப் போட்டுக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். 'டர்ர்' என்றது. முன்பக்க நாடா இரண்டும் தெறித்துப் பிரதானியின் காலடியில் விழுந்தன.

"மீரான்!" என்று கத்தினார் மகாராஜா.

"பட்டைத் திருடியிருக்கிறான்! துணியைக் குறைத்துத் தைத்திருக்கிறான்!" என்றார் நரசய்யா. "தகடு பொய் சொல்லாது. ஆணைப்படி இவனைக் கோட்டையை விட்டுத் துரத்த வேண்டும்."

மீரானுக்கு அறுபது வயது. வேறு ஊர் தெரியாது. உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய குற்றம் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

தில்லைநம்பி எழுந்தார். "மகாராஜா, ஆணைப்படிதான் நடக்க வேண்டும். ஒருமுறை படித்துவிடட்டுமா?"

"படி!"

"'இத்தகடே அளவு. இதில் பிழை சொல்லுகிறவரும், இதற்குப் பொருந்தாதவரும், யாராயினும் கோட்டையை விட்டு வெளியேறக் கடவர்.' பிரதானி அவர்களே, இது நீங்கள் சொன்னபடிதானே?"

"ஓர் எழுத்து மாறவில்லை" என்றார் நரசய்யா பெருமையாக.

"அப்படியானால் தகட்டைக் கொண்டு வரட்டும். மகாராஜா தயவுசெய்து அங்கியைக் கழற்றித் தர வேண்டும்."

தகட்டின்மேல் அங்கியை விரித்தார்கள். தோளுக்குத் தோள், இடுப்புக்கு இடுப்பு, தையலுக்கு விட்ட ஓரம் போக அச்சாகப் பொருந்தியது.

"பிரதானி அவர்களே, அங்கி தகட்டுக்குப் பொருந்துகிறதா?"

"பொருந்துகிறது."

"தகட்டில் பிழை இருக்கிறதா?"

"இல்லை! இல்லவே இல்லை!" அவசரமாகச் சொன்னார் நரசய்யா.

"அங்கி சரி. தகடும் சரி. அப்படியானால் பொருந்தாதவர் யார்? நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள். வெளியேற்றும் ஓலையை இப்போதே எழுதிவிடுகிறேன்."

நரசய்யா சிம்மாசனத்தைப் பார்த்தார். வெற்று மார்போடு உட்கார்ந்திருந்த மகாராஜாவின் வயிறு அவரைத் திரும்பப் பார்த்தது. கடைசியில், "தகட்டில்... ஒரு சின்னப் பிழை இருக்கலாம்" என்றார்.

"பிழை சொல்லுகிறவரும்..." என்று தில்லைநம்பி ஓலையை மறுபடி படிக்கத் தொடங்கினார்.

"போதும்!" என்றார் மகாராஜா. அவர் குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு, "மீரான், நீ ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?" என்றார்.

"தகடு வருகிற வரைக்கும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, மகாராஜா. பூச்சி அரித்துவிட்டது என்று நூலை எடுத்து வருவேன். இரண்டு விரல் கூடியிருக்கும். கூட்டித் தைத்துவிடுவேன்." மீரான் தரையைப் பார்த்தார். "சில தடவை பூச்சி அரிக்காமலும் இருந்ததுண்டு."

மகாராஜா சிரிக்கத் தொடங்கினார். வயிறும் சேர்ந்து குலுங்கியது. ஆணை ரத்தாயிற்று. தகடு நரசய்யாவின் மைத்துனர் கடைக்கே திரும்பிப்போயிற்று. அதைத் தலையில் சுமந்துபோனவர் நரசய்யா.

"இனிமேல் காகிதமே போதும்" என்றார் மகாராஜா. "தில்லைநம்பி, உனக்கு ஆற்றங்கரை மாந்தோப்பைப் பரிசாகத் தருகிறேன். அழியாத பொருளால் வரும் ஆபத்தை எங்களுக்குக் காட்டியவன் நீ. அதனால் உன் பட்டயத்தையும் காகிதத்திலேயே எழுதித் தரட்டுமா?"

தில்லைநம்பி கைகூப்பினார்.

"வேண்டாம் மகாராஜா. தோப்புக்கு இடுப்பு பெருக்காது. தாமிரத்திலேயே வெட்டிக் கொடுத்துவிடுங்கள்."