வண்டி நிழலின் சம்மதம்

முன்பு ஒரு சமயம், ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றில், ஒரே மனிதருக்குச் சொந்தமான இரண்டு கண்ணாடிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கழுத்தில் தொங்கியது கேமராவின் நீண்ட லென்ஸ். சட்டைப்பையில் கிடந்தது வெள்ளெழுத்துக் கண்ணாடி. சொந்தக்காரர் நாச்சிமுத்து, காங்கயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். பத்து வருஷம் கழித்து நடக்கப்போவது அவர் கண்ணுக்கு இன்றே தெரியும் என்று ஊரில் பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை. மனைவி மயிலாத்தாளைக் கூட்டிக்கொண்டு சரணாலயம் பார்க்க வந்திருந்தார்.

"அரை மைல் தள்ளி நிற்கிற வரிக்குதிரையின் இமை எனக்குத் தெரிகிறது. நீ என்னத்தைப் பார்ப்பாய்? மருந்துச் சீட்டு" என்றது லென்ஸ்.

"உனக்குப் பன்னிரண்டு அடிக்குள் எதுவும் தெரியாதே" என்றது கண்ணாடி.

"பன்னிரண்டு அடிக்குள் பார்க்க என்ன இருக்கிறது?"

பைக்குள் இருப்பவர்களுக்கு எப்போதும் பதில் தாமதமாகத்தான் வரும்.

அன்று காலை ஒரு முள்மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது, ஓட்டுநர் கிமானி உள்ளிருந்தபடியே கதவை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகுதான் அவர்களை இறங்கவிட்டார்.

"யாரைக் கூப்பிடுகிறீர்கள்?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"நிழலிடம் கேட்கிறேன். அது சம்மதித்தால்தான் இறங்கலாம். நான் தட்டாத இடத்தில் நீங்கள் காலை வைக்காதீர்கள்."

நாச்சிமுத்து மனைவியின் பக்கம் சாய்ந்து, "நம்மூருல பூனை குறுக்க போனா நிக்கறாங்கள்ல, அந்த மாதிரிதான்" என்றார். லென்ஸும் சிரித்தது.

மதியம் ஆனது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு மரம் கிடையாது. நிழல் என்று இருந்ததெல்லாம் வண்டியுடையதுதான். அதுவும் வெயிலுக்குச் சுருங்கி, பாதி வண்டிக்கு அடியிலும் பாதி கதவோரத்திலுமாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு கரையான் புற்றின்மேல் சிறுத்தை நின்றது. நாச்சிமுத்து அரை மணி நேரமாக லென்ஸில் கண்ணை ஒட்டிவைத்திருந்தார். கிமானி கூரைத் திறப்பில் மார்பளவு வெளியே நின்று, பைனாகுலரோடு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது லென்ஸின் மூடி ஜன்னல் வழியே கீழே விழுந்தது.

அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த புல் சட்டென்று பேச்சை நிறுத்தியது. கண்ணாடிக்கு அது பிடிக்கவில்லை.

"புல்லே, ஏன் நிறுத்திவிட்டாய்?"

"ஒருத்தி என்னை விலக்கிக்கொண்டு போனாள். போனவள் திரும்பவில்லை" என்று புல் மெதுவாகச் சொன்னது.

கண்ணாடி கீழே பார்த்துக் கூப்பிட்டது. "நிழலே, உன்னிடம் யார் இருக்கிறார்கள்?"

"வெயில் தாங்காமல் வந்தவள்."

"யார் அவள்?"

"நான் யாரிடமும் பெயர் கேட்பதில்லை" என்றது நிழல். அதன் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"அவளைப் போகச் சொல்."

"வந்து படுத்தவர்களை நான் எழுப்புவதில்லை. தட்டிக் கேட்டால் சொல்வேன். காலையில் ஒருவர் கேட்டார், சொன்னேன். இவர் கேட்கவில்லை."

மேலே லென்ஸ் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. "தூசி படிந்தால் நான் போச்சு. மூடியை எடு. நான்கு திசையும் பார்த்துவிட்டேன், அரை மைலுக்குச் சிங்கம் கிடையாது." நாச்சிமுத்துவுக்கு அது தன் மனசே சொல்வதுபோல் இருந்தது. கதவை ஓசையில்லாமல் திறந்து, ஒரு காலைக் கீழே நீட்டினார். குனிந்தவரின் கண்ணுக்குத் தரை மங்கலாக, பழுப்பாக, காய்ந்த புல்லாகத் தெரிந்தது.

குனிந்த வேகத்தில் கண்ணாடி பையிலிருந்து பாதி வெளியே வந்து, அவர் நெஞ்சில் முட்டியது. மயிலாத்தாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எறங்கக் கூடாதுன்னாருல்ல. மூடி எங்க கெடக்குதுன்னு மொதல்ல கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

"மூக்குக்கு முன்னாடி கெடக்கறதுக்குக் கண்ணாடி என்னத்துக்கு?" என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவள் பேச்சைக் கேட்ட சில தடவைகளில் அது ஒன்று.

முதலில் மூடி தெரிந்தது. மூடிக்குப் பக்கத்தில் ஒரு பாதம் தெரிந்தது. பாதம் மூடியைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. மேலே இரண்டு கண்கள், கோபம் இல்லாமல், வெகுநேரமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கால்விரலில் சூடாக மூச்சு பட்டது.

நாச்சிமுத்து காலை உள்ளே இழுத்த நேரம் அவருடைய வாழ்க்கையிலேயே நீளமானது. கதவு மூடியதும் கிமானி திரும்பிப் பார்த்தார், எல்லாம் புரிந்தது. உள்ளே குனிந்து கதவை இரண்டு முறை தட்டினார். நிழல் அசையவில்லை. வெயில் தாழ்ந்து பெண்சிங்கம் தானாக எழுந்து போகும்வரை மூன்று பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"நான் பொய் சொல்லவில்லை. அரை மைலுக்கு இல்லைதான்" என்றது லென்ஸ்.

ஊருக்கு வந்தபின் லென்ஸ் மூடி இல்லாமல் பீரோவுக்குள் போனது. கண்ணாடி நாச்சிமுத்துவின் மூக்கைவிட்டு இறங்குவதில்லை. ஆலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் வாசலில் காரை நிறுத்தி, உள்ளிருந்து கதவை இரண்டு முறை தட்டிவிட்டுக் காத்திருப்பார். பிறகு இறங்குவார். வேலைக்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் தட்டியவர் இறங்கவே இல்லை. வாசலில் நின்ற வேம்பு சலசலப்பை நிறுத்தியிருந்தது. மயிலாத்தாள் படியில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இன்னும் எறங்கலையா? சோறு ஆறிப்போகுது."

கார் ஜன்னல் வழியே குனிந்து, கண்ணாடிக்குள்ளிருந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இரு. இன்னும் எந்திரிக்கல."